எதிர்ப்பக்கத்து வாதம்

அப்பாவின் ஓராண்டு நினைவுப் பூசை முடிந்து, வந்த சனமெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகுதான் வீட்டில் வழக்கு ஆரம்பமானது. ரொறன்ரோவில் தனியே இருக்கும் டினோஜா அக்கா, அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றாள். மன்னாரை விட்டு அசையமாட்டேன் என்றார் அம்மா.

"அப்ப அப்பான்ர முறையில தீர்ப்பம்" என்றாள் அக்கா.

அப்பா, சட்டத்தரணி வலன்ரைன், எந்த வழக்கை எடுத்தாலும் முதலில் எதிர்ப்பக்கத்துக்காக வீட்டில் வாதாடிப் பார்ப்பார். மாடு திருடியதாகப் பிடிபட்ட நறுவிலிக்குளத்து மனிதர் ஒருவருக்காக அவர் நின்றபோது, வீட்டில் அவர்தான் பொலிஸ் தரப்பு. குற்றம் சாட்டப்பட்ட எதிரி, அம்மா. குசினி வாசலில் நின்று, "மாட்டை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறீர்?" என்று அதட்டினார்.

அம்மா மீன் வெட்டிக்கொண்டே, "சொல்லுறன், முதல்ல இந்தத் தேங்காயைத் திருவித் தாங்கோ" என்றார்.

நீதிமன்றத்தில் வெளுத்துக் கட்டுகிற மனுசன், வெள்ளைச் சட்டையோடு குந்தியிருந்து தேங்காய் திருவியபடியே குறுக்கு விசாரணை செய்தார். அந்த வழக்கில் ஆள் விடுதலை. எங்களுக்கு ஐஸ்கிறீம்.

பிள்ளைகளின் சண்டைக்கும் அதே சட்டம்தான். அக்காவின் சைக்கிள் எனக்கு வேண்டுமென்றால், அது ஏன் அவளிடமே இருக்கவேண்டும் என்று நான்தான் வாதாட வேண்டும். ஏனோதானோவென்று வாதாடினால் வழக்குத் தள்ளுபடி. அப்பாவோடு வளர்ந்த அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோசம்தான் வருகிறது.

ஆகவே, தான் போகவேண்டும் என்று அம்மாவே வாதாட வேண்டும். அம்மா இங்கேயே இருக்கவேண்டும் என்று அக்கா வாதாட வேண்டும். நீதவான் நான். கேட்ட உடனேயே கதிரையில் ஏறி இருந்துவிட்டேன். அடுத்த வளவில் குடியிருந்துகொண்டு மூன்று நேரமும் அம்மாவின் கையால் சாப்பிடுகிறவன் என்ன தீர்ப்புச் சொல்வான் என்று கேட்கவும் வேண்டுமா?

அக்கா எழும்பினாள். "கனம் நீதவான் அவர்களே, அம்மாவுக்கு இங்க கோயில் இருக்கு, கடற்காத்து இருக்கு, விடிஞ்சா வாசலுக்கு வாற மீன் இருக்கு. அங்க வந்து பனியையும் ஜன்னலையும் பாத்துக்கொண்டிருக்க அவா என்ன குற்றம் செய்தவா?"

அப்பாவே எழும்பி நின்று பேசியதுபோல் இருந்தது. நான் கைதட்டினேன்.

"நீதவான் கைதட்டலாமெண்டு எந்தச் சட்டத்தில கிடக்கு?" என்றார் அம்மா.

பிறகு சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அவர் எழும்பினார். வேண்டுமென்றே தோற்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"கனம் நீதவான் அவர்களே, என்ர மகள் ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, அம்மா சாப்பிட்டீங்களோ எண்டு கேக்கிறவள். நீ சாப்பிட்டியோ எண்டு நான் கேட்டா, ஓம் எண்டு சொல்லிப்போட்டுக் கதையை மாத்திடுவாள். வேலையால வந்து, தானே கதவைத் திறந்து, தானே லைற்றைப் போட்டு, தனிய இருக்கிறவள். எனக்கு இங்க ஊரே இருக்கு. அவளுக்கு அங்க ஆர் இருக்கு?"

அம்மா, தான் சொன்னதைத் தானே அப்போதுதான் கேட்டவர்போல் நின்றார்.

"எதிர்த்தரப்புக்கு ஏதும் சொல்ல இருக்கோ?" என்று கேட்டேன்.

அக்கா இல்லையென்று தலையாட்டினாள். சிரிப்பும் அழுகையுமாக அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"தீர்ப்பைச் சொல்லுங்கோ, நீதவான்" என்றார் அம்மா.

நான் குசினிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். ஆனாலும் வலன்ரைனின் மகன் வேறு என்னதான் சொல்வான்?

"அம்மா போகவேணும்" என்றேன்.

வழக்கில் வென்ற அம்மா கதிரையடிக்கு வந்து, நீதவானின் கன்னத்தில் கொஞ்சினார்.