ஒரே ஒரு கொக்கி

அன்று வெப்ப அறையின் முன்னால் இருந்தவர்கள்: கோட்டு போட்ட இயக்குநர். மேலிடத்திலிருந்து வந்த மதிப்பீட்டுக் குழுவின் தலைவி. அவர் வாய் திறக்கும் முன்பே தலையாட்டுகிற இரண்டு உறுப்பினர்கள். ஆய்வாளர், அதாவது என் அக்கா. அறையைக் கவனித்துக்கொள்கிற நான். உள்ளே, நாற்பத்தெட்டுத் தொட்டிகளில் கோதுமை. இந்தக் கூட்டத்தில் பொய் சொல்லத் தெரியாதது கோதுமை மட்டும்தான்.

நான் படிப்பைப் பாதியில் விட்டவன். பிறகு ஒரு கிடங்கில் ராத்திரி ஷிப்ட் பார்த்து அதையும் பாதியில் விட்டவன். அக்காதான் இங்கே சேர்த்துவிட்டாள். கதவுக்கு மேலே உள்ள திரையைப் பார்த்து, எத்தனை டிகிரி என்று மணிக்கு ஒரு முறை பதிவேட்டில் எழுத வேண்டும். யோசிக்க வேண்டியதில்லை. நானும் யோசிக்கவில்லை.

தன் ஆராய்ச்சியை அவள் எனக்கு ஒரே ஒரு தடவை விளக்கியிருக்கிறாள். சூடு ஏறியதும் செடியின் செல்லுக்குள் கால்சியம் பாய்ந்து வருமாம். அதைப் பிடித்துக்கொண்டு சேதி சொல்ல ஒரு புரதம் இருக்கிறதாம். சேதி போனால்தான் செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வேலையில் இறங்குமாம்.

"வீட்ல தீப்பிடிச்சா யாராவது கத்தணும்ல? எல்லாக் கோதுமையும் கத்தும்டா. ஆனா மெதுவா எழுந்து, மூஞ்சி கழுவிட்டு வந்து கத்தும். என்னோடது உடனே கத்தும். அவ்வளவுதான்."

கத்தவைக்கும் அந்தப் புரதத்தின் மரபணுவை இருபத்துநான்கு தொட்டிகளில் கூடுதலாக வேலை வாங்கியிருந்தாள். மீதி இருபத்துநான்கும் சாதாரணக் கோதுமை. நாற்பத்திரண்டு டிகிரியில் மூன்று நாள் வைத்தால் சாதாரணம் கருக வேண்டும், அவளுடையது நிற்க வேண்டும். நின்றால் அவள் ஒப்பந்தம் மூன்று வருடம் நீளும். இல்லையென்றால் வெள்ளிக்கிழமையோடு வீட்டுக்கு. அன்று திங்கட்கிழமை.

இயக்குநர் கதவைத் திறந்து எல்லோரையும் உள்ளே அழைத்தார். காற்று இதமாக இருந்தது. உட்சுவரில் இருந்த இன்னொரு திரையிலும் நாற்பத்திரண்டு என்று சிவப்பாக எரிந்தது.

தலைவி திரையைப் பார்த்தார். உடனே கையிலிருந்த ஃபைலால் விசிறிக்கொண்டார். "அப்பப்பா, என்ன சூடு!"

"தாங்க முடியலைங்க" என்றார் ஒரு உறுப்பினர். இன்னொருவர், வியர்க்காத தன் நெற்றியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

அக்கா விசிறவில்லை. சாதாரணக் கோதுமையின் பக்கம் போய் நின்றாள். இருபத்துநான்கும் பச்சைப் பசேலென்று இருந்தன. அவளுடைய இருபத்துநான்கும் அப்படியே. எது எது என்று தொட்டியில் ஒட்டிய சீட்டைப் படித்தால்தான் தெரியும். அவள் முகம் செத்துப்போனது.

இயக்குநருக்கு ஒரு நொடிதான் தேவைப்பட்டது. "பாத்தீங்களா! ரெண்டுமே தாங்கிடுச்சு. இரட்டை வெற்றி!"

"சாதாரணக் கோதுமை எப்படிங்க தாங்கும்?" என்று கேட்டார் தலைவி.

"பக்கத்துப் பக்கத்துல வச்சிருக்கோம்ல மேடம். இது கத்தினது அதுக்கும் கேட்டிருக்கும்."

உறுப்பினர்கள் இருவரும் எழுதிக்கொண்டார்கள். நான் இயக்குநரின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்குப் பழக்கமான கோட்டு.

போன வெள்ளிக்கிழமை அவர் அதன்மேல் டீயைக் கொட்டிக்கொண்டார். குழு வரப்போகிற பதற்றத்தில் அவரே அலசி, சொட்டச் சொட்டக் கொண்டுவந்து, "ஏம்பா, இதை உள்ள மாட்டு, சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும்" என்றார். அறைக்குள் துணி காயப்போடுவது இங்கே புதிதல்ல. மழை நாளில் பாதி அலுவலகத்தின் காலுறையும் உள்ளேதான் தொங்கும். ஆனால் கொக்கி ஒன்றுதான். இன்னொன்று கேட்டு எழுதிய கடிதம் பதினொரு மாதமாக மேலிடத்தில் தூங்குகிறது. அந்த ஒரு கொக்கியில் வெப்பத்தை அளக்கும் சென்சார் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி ஹீட்டரின் கம்பிவலையில் செருகினேன். கோட்டை மாட்டினேன். கோட்டு காய்ந்தது, போனது. சென்சாரைத் திரும்ப மாட்ட எனக்குத் தோன்றவே இல்லை. ஹீட்டரை ஒட்டியிருந்த சென்சார் உடனே சூடாகிவிடும். நாற்பத்திரண்டு வந்தாயிற்று என்று ஹீட்டர் அணைந்துவிடும். மூன்று நாளும் நான் நாற்பத்திரண்டு என்று அழகாக எழுதினேன்.

"அக்கா, சென்சார் ஹீட்டர்மேல இருக்கு. நான்தான் வச்சேன். சாரோட கோட்டைக் காயப்போட."

இயக்குநர் கோட்டின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"யார் இந்த ஆளு?" என்றார், என்னை முன்பின் பார்த்திராதவர்போல.

"என் தம்பி சார்" என்றாள் அக்கா. பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து அறையின் நடுவில் பிடித்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்து தலைவியிடம் நீட்டினாள். "இருபத்தேழு, மேடம்."

தலைவி தெர்மாமீட்டரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "இது கைக்கருவிம்மா. அது சுவத்துலயே பொருத்தினது."

விசிறிக்கொண்டே வெளியே போனார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். இயக்குநர் மட்டும் நின்று அக்காவிடம் குரலைத் தாழ்த்தினார். "அறிக்கைல ஒரு கையெழுத்து. மூணு வருஷம். வேற ஒண்ணும் கேக்கலை."

"மூணு நாள் குடுங்க சார். திரும்ப வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் அறை உங்களோடதுதான்" என்றார். பெருந்தன்மையாகச் சொல்வதுபோல் இருந்தது. அவள் கையெழுத்து இல்லாமலே அறிக்கை அன்று மாலை மேலிடத்துக்குப் போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது.

சென்சாரை அக்கா தன் கையால் கொக்கியில் மாட்டினாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "எருமை" என்று மட்டும் சொன்னாள். அதுவும் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே.

வெள்ளிக்கிழமை கதவைத் திறந்தபோது அனல் முகத்தில் அறைந்தது. சாதாரணக் கோதுமை இருபத்துநான்கும் வைக்கோல். அவளுடையதில் பத்தொன்பது நின்றன. ஐந்து போய்விட்டன.

"அஞ்சு செத்துடுச்சேக்கா."

"அதான்டா நல்லது. எல்லாம் நின்னிருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன்." அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

சாயங்காலம் இயக்குநர் வந்தார். உள்ளே கால் வைத்த ஒரு நிமிடத்தில் அவருக்கு நிஜமாகவே வியர்த்தது. கருகிய வரிசையைப் பார்த்தார்.

"தாங்கும்னு அறிக்கை அனுப்பின கோதுமைம்மா இது. இப்படிக் கருகலாமா?"

"கருகினாத்தான் சார் என்னோடது தாங்குதுன்னு அர்த்தம்."

"பராமரிப்புக் குறைபாடுன்னு எழுதிக்கலாம். தம்பிதான் ஒத்துக்கிட்டானே. நீங்க அறிக்கை நகல்ல கையெழுத்துப் போடுங்க."

"இருபத்துநாலும் போச்சு, என்னோடதுல அஞ்சு போச்சுன்னு எழுதுங்க. போடறேன்."

"அப்ப திங்கக்கிழமை வர வேண்டாம். ரெண்டு பேரும்தான்."

அக்கா பதிவேட்டைத் திறந்து மூன்று எண்களை எழுதினாள்: 42, 24, 5. கீழே கையெழுத்துப் போட்டு, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, பதிவேட்டை மேசைமேல் வைத்தாள். தன் கோதுமையின் விதையைத் தொடவில்லை. அது அவளுடையதல்ல, நிறுவனத்துடையது.

இயக்குநரின் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கோட்டைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். "இதை எங்கயாவது மாட்டுப்பா."

கொக்கியைப் பார்த்தேன். அதில் சென்சார் தொங்கிக்கொண்டிருந்தது.

"இடம் இல்ல சார்."

அக்கா முன்னால் நடந்தாள், நான் பின்னால். இயக்குநர் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வெளியே வந்தார். கதவைச் சாத்தி, சாவியை இரண்டு தடவை திருப்பிப் பூட்டினார். உள்ளே பத்தொன்பது நின்றுகொண்டிருந்தன.