ஓரத்தில் போட்ட தேதி

மெட்ரோவில் அந்தத் தமிழ் நாவலை அட்டை போடாமலேயே படித்தேன். டெல்லியில் எவனுக்குப் புரியப்போகிறது? இரண்டு ஆண்களின் காதல் கதை. கடைசி அத்தியாயத்தில் ஒருவன் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறான், மற்றவன் வந்துவிடுகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு சுலபமாக வரவழைத்துவிட்டார் இந்த எழுத்தாளர்!

இருபத்தைந்து வருஷத்துக்கு முன், இதே டெல்லியில், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், காப்பிப்பொடிக் கடை வாசலில், அச்சுதன் பெட்டியோடு எனக்காக நின்றான். நான் சாலைக்கு இந்தப் பக்கம் நின்று, அவன் கடிகாரத்தைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, வீடு திரும்பினேன். அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இன்றும் பொடி வாங்கப் போனால் அவன் அங்கேயே நிற்கிறான். பெட்டியைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

முப்பது வருஷம் அமைச்சகத்தில் டிராஃப்ட் திருத்திய கை சும்மா இருக்குமா? பென்சிலால் ‘வந்தான்’ என்பதை அடித்து, ஓரத்தில் திருத்தம் எழுதி, வழக்கம்போல் இனிஷியலும் தேதியும் போட்டேன். புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையிலேயே விட்டேன். மகள் ஸ்ம்ருதிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

மறுநாள் காலை அவள் போனை அந்தப் பக்கத்தின்மேல் பிடித்துக்கொண்டிருந்தாள். அச்செழுத்தையெல்லாம் அது இங்கிலீஷாக்கிவிட்டது. என் கையெழுத்துதான் அதற்குப் பிடிபடவில்லை.

“அப்பா, இது உன் இனிஷியல்தானே? தேதி 1998-னு போட்டிருக்கே. பக்கத்துல என்ன எழுதியிருக்கே?”

குனிந்து பார்த்தேன். அன்றைய தேதியைப் போட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

“வரவில்லை.”

“யாரு வரலை?”

“நான்” என்றேன்.