அரை மணி நேரச் செவ்வாய்

என் அண்ணன் கருணாகரன் மலாக்காவில், காஜா பெராங் பகுதியில் ஜோசியக் கடை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் ஜோசியம் என்று பலகையில் பெரிதாக எழுதியிருக்கும். தட்டச்சு செய்வது நான், பலன் சொல்வது அவர். தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டே ஒரு குடும்பத்தை அழவைத்து அனுப்பிவிடுவார். கெட்ட மனுஷன் இல்லை. திரையில் வந்ததைச் சொல்வார், அவ்வளவுதான்.

கடையில் ஓடியது திருட்டு விண்டோஸ். அதற்குள் ஓடியது யாரோ சென்னையிலிருந்து கொண்டுவந்த திருட்டு ஜாதக சாஃப்ட்வேர். சாமி படத்துக்குப் பூப்போட்டு, ஊதுபத்தி ஏற்றி, அந்தத் திருட்டைத்தான் தினமும் திறப்போம்.

அதில் முதன்முதலில் போட்ட ஜாதகம் என்னுடையது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மேஷ லக்னம், ஏழில் செவ்வாய் என்று வந்தது. ஏழாமிடம் கட்டுகிறவனுடைய இடம். அங்கே செவ்வாய் உட்கார்ந்தால் அவன் உயிருக்கு ஆகாது. எனக்குப் பேசி முடித்திருந்த செமாபோக் ஊர் வாத்தியார் வீட்டுக்கு அண்ணனே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். ஜோசியன் வீட்டில் மறைக்கக் கூடாதாம். அவருடைய நேர்மையின் புண்ணியத்தில் பன்னிரண்டு வருஷம் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஊரார் கல்யாணங்களுக்குப் பொருத்தம் அடித்துக் கொடுத்தேன். வயிறு எரியத்தான் செய்தது. யாரிடம் சொல்ல?

பிறகு தியாகு வந்தார். பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர், நாற்பதைத் தாண்டியவர், எட்டில் செவ்வாய். தோஷத்துக்குத் தோஷம் சரியாகப் போயிற்று என்று அண்ணன் உடனே தலையாட்டினார். பெண் பார்க்க வந்த அன்று தியாகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இந்த பிரிண்டர் எப்பவும் இப்படித்தான் கத்துமா?" என்பது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது. ரொம்பவே பிடித்துப்போனது. ஆவணியில் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள்.

அது 2007. இந்த நாட்டுச் சுதந்திரத்துக்கு ஐம்பது வயது என்று தெருவெல்லாம் கொடி கட்டியிருந்தது. அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில், பக்கத்துத் தெருக் கடை ஒன்றில் திருட்டு சாஃப்ட்வேருக்கு ரெய்டு வந்து கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

"மாப்ள, நம்ம கடைக்கு வந்தா என்னா செய்யுறது?"

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுருவோம் மச்சான். இனாம்தான். எவனும் வந்து கேக்க முடியாது."

"இனாமா? அப்ப அதுவும் திருட்டுத்தானே?"

"இல்ல லா. செஞ்சவங்களே எடுத்துக்கங்கன்னு குடுக்குறாங்க. உள்ள என்னா எழுதியிருக்குன்னுகூட யார் வேணும்னாலும் தொறந்து பாக்கலாம்."

அண்ணன் இதை நம்பவில்லை. ஆனால் ரெய்டை நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை தியாகு வந்து பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டார். திரையில் லினக்ஸின் சின்னமான பென்குயின் வந்து நின்றது. அண்ணன் அதற்கும் ஊதுபத்தி காட்டினார். ஜாதகம் போடவும் ஓர் இலவச சாஃப்ட்வேர் கிடைத்தது.

"மொதல்ல உங்க ரெண்டு பேரு ஜாதகத்தயும் போடும்மா. நல்ல காரியத்துல ஆரம்பிப்போம்" என்றார் அண்ணன்.

தியாகுவுடையதை அடித்தேன். எட்டில் செவ்வாய், அப்படியே இருந்தது. அடுத்து என்னுடையது. 1969, பொங்கலுக்கு மறுநாள், மத்தியானம் இரண்டரை மணி, மலாக்கா. ரிஷப லக்னம் என்று வந்தது. செவ்வாய் ஆறில் இருந்தது. மறுபடி அடித்தேன். மறுபடியும் ரிஷபம்.

"பாத்தியா? இனாமா வந்தா இப்படித்தான்" என்றார் அண்ணன்.

தியாகு குனிந்து திரையைப் பார்த்தார். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து படித்தார்.

"மச்சான், எண்பத்திரண்டுல நாடு பூரா கடிகாரத்த அரை மணி முன்னாடி தள்ளி வச்சோமே, ஞாபகம் இருக்கா?"

அண்ணனுக்கு ஞாபகம் இருந்தது. எனக்கும் இருந்தது. அந்த வாரம் பள்ளிக்கூடத்துக்குப் பாதிப் பேர் தாமதமாக வந்தோம்.

"பழசுக்கு அது தெரியாது. எப்பப் பொறந்தவங்களுக்கும் இப்ப உள்ள மணிய வச்சே கணக்குப் போட்டுருக்கு. இது அந்தந்த வருஷத்து மணிய வச்சுப் போடுது. எனக்கு அரை மணி நகந்தும் லக்னம் மாறல. கோகிலாவுக்கு லக்னமே மாறிப்போச்சு."

ஆறில் செவ்வாய் இருந்தால் தோஷம் கிடையாது. அதாவது எனக்குத் தோஷம் இல்லை. எப்போதும் இருந்ததில்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. அந்த வாத்தியாரின் முகம்கூட நினைவில் இல்லை, ஆனாலும் கோபம் வந்தது.

அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்திரண்டுக்கு முன் பிறந்த எத்தனை பேர் அந்த வாசலில் ஏறி இறங்கியிருப்பார்கள் என்று நினைத்திருப்பார். என் விஷயம் அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"ஐயையோ! சுத்த ஜாதகத்த எட்டுல செவ்வாய் உள்ளவருக்கு எப்படிக் குடுப்பேன்? என் தங்கச்சி உயிருல்ல போயிடும்!"

கொஞ்ச நேரத்தில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மேசை இழுப்பறையிலிருந்து பழைய சிடிகளை எடுத்துத் தியாகுவிடம் நீட்டினார்.

"மாப்ள, பழசயே திரும்பப் போட்டுருங்க. ரெய்டு வந்தா வரட்டும். அதுல ரெண்டு பேருக்கும் தோஷம், கல்யாணம் நடக்கும். நாம மூணு பேரும் வாயத் தொறக்காம இருந்தா போதும்."

தியாகு சிடிகளை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க கோகிலா. வேணாம்னா நான் ஒதுங்கிக்கிறேன். இனிமே உங்களுக்கு யார் வேணும்னாலும் கெடைப்பாங்க."

முப்பத்தெட்டு வயதில் யார் வேண்டுமானாலும் கிடைப்பார்களாம். பேச்சைப் பார்!

சிடிகளை அவர் கையிலிருந்து வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டேன்.

"அண்ணே, இல்லாத செவ்வாய்க்குப் பயந்து பன்னெண்டு வருஷம் இங்க உக்காந்திருந்தேன். அதத் திரும்ப என் தலையில ஏத்தி வச்சுத்தான் தாலி கட்டிக்கணுமா? அவருக்குச் செவ்வாய் இருக்கு, எனக்கு இல்ல. இருந்துட்டுப் போகுது. இருக்குற செவ்வாய்க்கு நான் பயப்படல. கல்யாணம் ஆவணியிலதான்."

இரண்டு ஜாதகத்தையும் பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டர் கத்தத் தொடங்கியது. தியாகு சிரித்துவிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

தாள்கள் வெளியே வந்ததும், பலன் சொல்ல அண்ணன் வழக்கம்போல் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.