மூன்றாவது தண்ணீர்

ஜமால் கப்பலில் இஞ்சின் வேலை பார்ப்பவன். கோபே துறைமுகத்தில் வாங்கிய கோய் என்னும் வண்ண மீன்கள் ஐந்தைக் கடலில் பதினெட்டு நாள் காப்பாற்றிக் கொண்டுவந்து, செம்பூர் வீட்டில் மனைவி சபுராவிடம் ஒப்படைத்துவிட்டு மறுபடி கப்பலேறினான். அது அறுபத்து நான்காம் வருடத் தொடக்கம். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அவன் திரும்பும்போது மீன்கள் தகரத் தொட்டியில் அல்ல, குளத்தில் நீந்த வேண்டும் என்று சபுரா ஆசைப்பட்டாள்.

தாராவியிலிருந்து கொத்தனார் இசக்கியும் அவன் மனைவி பேராச்சியும் வந்தார்கள். பின்பக்கத்துப் பாதாம் மரத்தடியில் அவன் செங்கல் அடுக்க, அவள் கலவை சுமந்தாள். இடுப்பளவு ஆழம். அடியில் தண்ணீர் வெளியேற ஒரு குழாய். இசக்கி தனியாக எடுத்த முதல் வேலை அது.

தண்ணீர் நிரப்பியதும், “கண்ணாடி கணக்கா இருக்குண்ணே” என்றாள் சபுரா. அடித்தரையில் பூசுகரண்டி இழுத்த தடம்கூடத் தெரிந்தது.

நெற்றியில் சிவப்புப் பொட்டு உள்ள மீனை முதலில் விட்டாள். அது ஒரு சுற்று சுற்றியது. பிறகு விசுக்கென்று மேலே வந்து வாயைப் பிளந்தது. உடம்பிலிருந்து கோழை நூல் நூலாகப் பிரிந்தது.

“அண்ணே, என்னமோ பண்ணுதே!”

இசக்கி விளிம்பில் குனிந்து பார்த்தான். “சுண்ணாம்பு போட்டேம்மா. எங்க ஊர்ல புதுக் கெணத்துக்குப் போடுவோம்லா. தண்ணி தெளியுமின்னு…”

“குடிக்கிற தண்ணியா இது? அது கெடக்கிற தண்ணி!” பேராச்சி சேலையோடு குதித்து, மீனை இரண்டு கையாலும் அள்ளித் தகரத் தொட்டியில் விட்டாள். அது ஒருக்களித்துச் சாய்ந்தது. சபுரா மதியச் சோற்றை மறந்து பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையால் அதை நிமிர்த்திப் பிடித்து முன்னும் பின்னுமாக அசைத்துக்கொண்டே இருந்தாள்.

பேராச்சி புருஷனிடம் கைகளை விரித்துக் காட்டினாள். சுண்ணாம்பு தின்ற விரல் நுனிகள். “எனக்கே இப்பிடின்னா, அதுக்கு என்ன தோலா இருக்கு?”

இசக்கி குளத்தின் அடிக்குழாயைத் திறந்துவிட்டான். தொட்டி கட்டும் பிச்சையாவிடம் யோசனை கேட்டு, மாட்டுங்கா சந்தையிலிருந்து வாழைமரம் ஒன்றைத் தோளில் சுமந்து வந்தான். சுண்ணாம்பின் காரத்தை அது இழுத்துக்கொள்ளும் என்று, துண்டு போட்டுக் குளத்துப் புதுத் தண்ணீரில் ஊற வைத்தான். மூன்றாம் நாள் தகரத் தொட்டியில் மீன் தானாக நிமிர்ந்தது. ஐந்தாம் நாள் இரை எடுத்தது. துடுப்போரம் மட்டும் கிழிந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து, காரம் போயிருக்கிறதா என்று பார்க்கப் பேராச்சி குளத்தில் கை விட்டாள். இருவரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

“எரியுது.”

“ஏட்டி, நல்லாப் பாத்தியா?”

“நீங்க வேணா உங்க காய்ச்சுப்போன கைய விட்டுப் பாருங்க. அதுக்கு நெருப்புகூடத் தெரியாது.”

இசக்கி அந்தத் தண்ணீரையும் வெளியேற்றினான். மறுபடி வாழைத்தண்டு, மறுபடி ஒரு வாரம். இந்தத் தண்ணீர் லேசாகப் பச்சை கட்டியிருந்தது.

“எரியலம்மா.”

“நெசமாவா அக்கா?”

“நாளெல்லாம் வச்சிக்கிட்டு இருக்கலாம்.”

மற்ற நான்கு மீன்களையும் விட்ட சபுராவுக்குப் பொட்டு மீனை எடுக்கத்தான் கை வரவில்லை. “நீங்களே விடுங்கக்கா.”

பேராச்சி அதைத் தண்ணீருக்குள் இறக்கிக் கைகளை விரித்தாள். மீன் போகாமல் அங்கேயே செவுளை அசைத்துக்கொண்டு நின்றது.

பாதாம் மரத்துக்கு அந்தப்பக்கம் திரும்பி நின்ற இசக்கி கேட்டான். “போயிருச்சா?”

“சும்மா இருங்க. அது யோசிக்கு.”

வால் ஒரு தடவை அசைந்தது. கைகளை விட்டு நழுவிப் பச்சைக்குள் இறங்கியது. இசக்கியும் வந்து சேர, மூவரும் தண்ணீரின் மேற்பரப்பையே பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். அது வாயைப் பிளந்துகொண்டு மேலே வரவில்லை. ஆழத்தில் ஒரு சிவப்பு மட்டும் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.