இரட்டையரில் ஒருத்தி

ஹெலனுக்கு முடக்குவாதம் என்று தெரிந்த நாளிலிருந்தே ஜெபாவுக்கு உள்ளுக்குள் ஓர் உதறல். இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். பெற்ற அம்மாவே ஆள் மாற்றிக் கூப்பிடும் அளவுக்கு அச்சு அசல்.

ஹெலன் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் மருத்துவமனையில் ஓர் ஆய்வுக்காக இருவரிடமும் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் ரேணுகா முடிவைச் சொன்னார்: "வைட்டமின் டி உடம்புல வேலை செய்ய ஏற்பின்னு ஒண்ணு வேணும். அதுக்கான மரபணுவுல உங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி மாற்றம் இருக்கு. இந்த நோய்க்கும் அதுக்கும் தொடர்பு இருக்கலாம்னு சந்தேகப்படுறோம், அவ்வளவுதான். மாற்றம் இருக்கிற பல பேருக்கு நோய் வர்றதே இல்ல."

கடைசி வாக்கியம் ஜெபாவின் காதில் ஏறவே இல்லை.

அதன்பின் கண் விழித்ததும் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தாள். தான் வேலை பார்க்கும் முட்டுக்காடு படகுத் துறையில் டிக்கெட் கிழிக்கும்போது கட்டைவிரல் லேசாக இழுத்தாலும் வேலையை நிறுத்தி அதையே அழுத்திப் பார்த்தாள். வைட்டமின் டி கிடைக்கும், நல்லது என்று வெயிலில் போய் நிற்பாள். அதனால் வேறு ஏதாவது ஆகிவிட்டால் என்று நிழலுக்கு ஓடிவருவாள். ஹெலனின் வீங்கிய கைகளைப் பார்க்கத்தான் சுத்தமாக முடியவில்லை. ஞாயிறுதோறும் செங்கல்பட்டில் ஹெலன் வீட்டுக்குப் போய்வந்தவள், வேலை என்று சொல்லி நின்றுவிட்டாள்.

ஒரு மதியம் கவுன்ட்டர் முன்னால் ஹெலனே வந்து நின்றாள். இடுப்பு வரை இருந்த கூந்தல் கழுத்தோடு வெட்டப்பட்டிருந்தது.

"இன்னாடி இது, முடி எங்க?"

"கைய தூக்கிப் பின்ன முடியல. வாராவாரம் நீதான் பின்னி வுடுவ. எங்க வூட்டுக்காரரு பின்னிப் பாத்தாரு, சிக்குதான் வுழுந்துச்சு. வெட்டிக்கினேன்."

"வேலை ஜாஸ்தி..."

"பொய் சொல்லாத. என்னைப் பாத்தா உனக்கு பயமா கீது."

ஜெபா பொலபொலவென்று அழுதாள். உடன் வேலை செய்யும் சாலமோன், "நான் பாத்துக்கறேன், போ" என்று அவளை வெளியே அனுப்பினான்.

தண்ணீர்க் கரையில் உட்கார்ந்தார்கள்.

"எனக்கும் வந்துட்டா?" என்றாள் ஜெபா.

"வந்தா உடனே டாக்டராண்ட போ. என்னை மாதிரி மாசக்கணக்கா தைலம் தேய்ச்சிகினு இருக்காத. வராட்டி, இப்டி தெனம் செத்துகினு இருந்தியே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"இன்னும் பயமாதான் கீது, ஹெலன்."

"பயந்துகினே வா. வராம மட்டும் இருக்காத."

அடுத்த ஞாயிறு ஜெபா பஸ் ஏறினாள். திருப்போரூர் தாண்டுவதற்குள் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தாள். போய்ச் சேர்ந்ததும் சமைத்தாள், துணி துவைத்தாள், இருட்டும் முன் கிளம்பினாள். பயம் போகவில்லை. ஆனாலும் அதற்கடுத்த வாரமும் போனாள்.