ரொக்கம் மட்டும்

யாஸ்னா மார்தோனெஸ் தன் கடன் கார்டை வெட்டியது ஒரு கோழியால்தான். தல்காவானோ துறைமுக ஊரில், ஒரு கிளினிக்கின் சலவைக்கூடத்தில், அவளும் நானும் பதினோரு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து இஸ்திரி இயந்திரங்களில் நிற்கிறோம். ஒரு நாள் காலை கடையிலிருந்து வந்த கார்டுக் கணக்குச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். நல்ல சிரிப்பாக இல்லை.

"ஒத்திலியாக்கா, ஆகஸ்ட்ல ஒரு கோழி வாங்கினோம். தின்னாச்சு, செரிச்சாச்சு, எலும்பை நாய்க்குப் போட்டாச்சு. அந்த நாயே செத்துப்போச்சு. கோழிக்கு இன்னும் ஒரு தவணை பாக்கி இருக்காம்."

எங்கள் பக்கம் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் பெண் வணக்கம் சொல்வதற்கு முன்பே எத்தனை தவணை என்றுதான் கேட்பாள். டிவிக்குப் பன்னிரண்டு, காலணிக்கு ஆறு, ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் மூன்று. யாஸ்னாவுக்கு அன்றோடு போதும் என்றாகிவிட்டது. அன்று சாயங்காலமே கத்தரிக்கோலை எடுத்துத் தன் கார்டை வெட்டினாள். அவள் புருஷன் நோல்பெர்த்தோவும் எதிரே உட்கார்ந்து தன்னுடையதை வெட்டினான். மீன் பதனிடும் ஆலையில் குளிர்கிடங்கு வேலை அவனுக்கு. பெரிய உடம்பு, இளகிய சுபாவம், யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாது.

அதற்குப் பிறகு ரொக்கம் மட்டும்தான். சம்பள நாளில் இருவரும் பழைய கடனுக்குப் போக மீதி முழுவதையும் எடுத்துவந்து ஐந்து கவர்களில் போடுவார்கள். ரொட்டியும் காய்கறியும் ஒன்று, கேஸ் ஒன்று, பஸ் ஒன்று, மருந்து ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. ஒரு கவர் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இன்னொன்றில் கை வைக்கக் கூடாது.

"கார்டுல போறப்ப போறதே தெரியலக்கா. நோட்டா குடுத்தா கை வலிக்குது. வலிக்கணும். வலிச்சாத்தான் நிறுத்துவோம்."

எட்டு மாதம் இப்படியே ஓடியது. உண்மையிலேயே நிமிர்ந்தார்கள். டிவி முடிந்தது, காலணி முடிந்தது. அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் கூட வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டில் எங்களுக்கெல்லாம் பாடம் எடுப்பாள். "அவகிட்ட ஒரு பெசோ கேட்டா கவரைக் கேட்டுச் சொல்றேம்பா" என்று பெண்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நோல்பெர்த்தோ வாசலில் அவளைக் கூட்டிப்போக வரும்போது, "எங்க நிதியமைச்சர் வெளிய வந்தாச்சா?" என்று கேட்பான். பீர் குடிக்கக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்பான். பாவம், மனைவிக்காக எவ்வளவு அடக்கிக்கொள்கிறான் என்று நாங்கள் நினைத்தோம்.

ஜூலையில் அவள் அக்கா நெலிதாவுக்கு நுரையீரலில் சளி கட்டி, பக்கத்து ஊரான கொன்செப்சியோனில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அம்மா போன பிறகு யாஸ்னாவை வளர்த்தவள் அவள்தான். தேறி வருகிறாள் என்றுதான் சொன்னார்கள். இருபத்தெட்டாம் தேதி, ஷிப்ட் முடிகிற நேரத்தில், நர்ஸ் போன் செய்தாள். உடனே வாருங்கள் என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. யாஸ்னா கோட்டைத் தப்பாகப் பொத்தான் போட்டுக்கொண்டு நின்றாள்.

"காரைக் கூப்பிடுடி," என்றேன்.

"போன்ல கூப்பிடுற காருக்குக் கார்டு வேணும்கா. டாக்ஸிக்குக் காசு இல்ல. அவசரக் கவர் போன வாரம் அடுப்பு ரிப்பேருக்குப் போயிருச்சு. பஸ்ஸுக்கு இருக்கு. இவரும் வாசலுக்கு வந்துட்டாரு. பஸ்ல போயிடுறோம்."

அவள் என் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். என் கைப்பையில் பத்தாயிரம் பெசோ நோட்டு இரண்டு இருந்தன, டாக்ஸிக்குப் போதும். இவள் கடன் வாங்கமாட்டாள், வீம்புக்காரி, கொடுத்தால் மறுத்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளும் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை.

பஸ் பாதி வழியில் வெள்ளத்தில் நின்றது. ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்றாம். கார்கள் மட்டும் பக்கத்துக் கடலோரச் சாலையில் போய்க்கொண்டிருந்ததை ஜன்னல் வழியே பார்த்தார்களாம். இவர்கள் மாடிக்கு ஏறியபோது நெலிதாவின் முகத்தை மூடியிருந்தார்கள். உயிர் போய் இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது. கடைசி வரை "சின்னவ வந்துட்டாளா?" என்று கேட்டாளாம். அந்த நர்ஸ் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் கல்லறைக்குப் போகும் வழியில் பூக்கடையில் நானும் கூட இருந்தேன். யாஸ்னா ஒரு மலர்வளையத்தைக் காட்டி விலை கேட்டாள். விலையைக் கேட்டதும் கையிலிருந்த சில்லறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நின்ற நிலையை நோல்பெர்த்தோவால் தாங்க முடியவில்லை. ஆலை அடையாள அட்டையின் உறைக்குள் விரலை விட்டு ஒரு கார்டை எடுத்துக் கடைக்காரியிடம் நீட்டினான்.

"அதையே குடுங்கம்மா. பெரிசா இருக்கட்டும்."

"எத்தனை தவணை?" என்றாள் கடைக்காரி.

யாஸ்னா அந்தக் கார்டை வாங்கிப் பார்த்தாள். புதுசு இல்லை. ஓரமெல்லாம் தேய்ந்து, எழுத்து மங்கியிருந்தது.

"இது எப்பலேருந்து இருக்கு?"

"யாஸ்னா, வெளிய போய்ப் பேசலாம்."

"எப்பலேருந்துன்னு கேட்டேன்."

"அன்னிக்கு வெட்டினது வேற கார்டு. இது ஆலைப் பக்கத்துக் கடையில குடுத்தது. எப்பவாவது... பசங்களோட ஒரு பீர், ஒரு சிகரெட். பெரிசா ஒண்ணும் இல்ல."

"நேத்து எங்க இருந்துச்சு?"

அவன் அடையாள அட்டை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பஸ் ஸ்டாப்புல நனைஞ்சுக்கிட்டு நின்னோமே, அப்ப எங்க இருந்துச்சு?"

"பாக்கெட்லதான்." சட்டைப் பக்கம் கையைக் காட்டினான். "அவசரத்துக்குன்னுதான் வச்சிருந்தேன்."

"உன் அவசரம் என்னய்யா? பீர் தீர்ந்து போறதா?"

"எடுத்தா நீ கத்துவியோன்னு நெனச்சேன். தேறிட்டு வர்றாங்கன்னுதானே சொன்னாங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

"கத்தியிருப்பேன். கார்ல போய்க்கிட்டே கத்தியிருப்பேன். அக்கா கட்டில் வரைக்கும் கத்தியிருப்பேன்."

கடைக்காரி இயந்திரத்தைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாஸ்னா கார்டை அவன் சட்டைப்பையிலேயே வைத்துவிட்டு, தன் சில்லறைக்கு ஆறு கார்னேஷன் பூக்களை வாங்கிக்கொண்டு நடந்தாள். மலர்வளையம் அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவனை விட்டு நெலிதாவின் வீட்டில் இருந்தாள். ஒரு சமயம் துணி மடிக்கும்போது எனக்கு மனசு பொறுக்கவில்லை.

"அன்னிக்கு என்கிட்ட கேட்டிருக்கலாமேடி. குடுத்திருப்பேன்."

"தெரியும்கா," என்றாள் அவள், விரிப்பின் மறுமுனையைப் பிடித்தபடியே. "எனக்குக் கேக்க வாய் வரல. உனக்குக் குடுக்க கை வரல. அவருக்குச் சொல்ல தைரியம் வரல. மூணு பேரும் சேர்ந்துதான்."

விரிப்பை மடித்து அடுக்கினோம்.

செப்டம்பர் கடைசியில் அவனிடமே திரும்பிப் போனாள். மன்னித்துவிட்டாயா என்று கேட்டேன். ஒரு சம்பளத்தில் தனி வாடகை கட்ட முடியாது என்றாள். இப்போது அவன் ரொக்கமாகக் கொடுக்கிறானா, கார்டில் தேய்க்கிறானா என்று அவள் பார்ப்பதில்லை. அவன்தான் ரசீதையெல்லாம் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் அவள் முன்னால் வைக்கிறானாம், பாரு பாரு என்று. அவள் ரசீதுகளைத் தள்ளிவைத்துவிட்டுச் சூப்பை ஊற்றுகிறாள்.