தீட்டு யாருக்கு

வாய்க்கரிசியை அள்ளிய ரேவதியின் மணிக்கட்டைப் பெரியப்பா திம்மப்பன் பிடித்துக்கொண்டார்.

"நீ இரு கண்ணு. நீ போடக்கூடாது."

வாசல் பந்தலுக்குக் கீழே, பெஞ்சின் மேல், அவளுடைய நைனா கோவிந்தப்பன் படுத்திருந்தார். விடியற்காலையில் தக்காளிக் கூடைகளை வண்டியில் ஏற்றிவிட்டு, மூச்சு வாங்குகிறது என்று வரப்பில் உட்கார்ந்த மனுஷன் எழுந்திருக்கவே இல்லை. போச்சம்பள்ளிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் பாதி வழியில் இருந்தவளை யாரோ பைக்கில் கூட்டி வந்தார்கள். யார் என்றுகூட அவளுக்கு நினைவில்லை. வந்ததிலிருந்து எல்லாமே கிணற்றுக்குள் முங்கிக்கொண்டு கேட்பதுபோல் கேட்டது. தப்பட்டை எங்கோ அடித்தது. அம்மா மாரம்மாளின் ஒப்பாரி எங்கோ ஏறி இறங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நைனா புரண்டு படுத்து, "டீ வெச்சியாம்மா?" என்று கேட்பார் என்றே அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையில் அவள் படத்துக்குக் கீழே அஸ்பியா என்று போட்டிருந்தது.

எட்டு வருஷத்துப் பெயர் அது. ராயக்கோட்டை மண்டியில் தக்காளி வியாபாரம் செய்யும் ஷோயப்பைக் கட்டிக்கொள்வதற்காகக் கலிமா சொல்லி, முஸ்லிமாகி வாங்கிக்கொண்ட பெயர். ஆசைப்பட்டுத்தான் வாங்கினாள், அதில் பொய்யில்லை. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போன பிறகு, மாமியார் ஃபகருன்னிசா இன்னொரு பெண்ணைப் பற்றிப் பேச்செடுத்தாள். ஷோயப் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு 'வேண்டாம்' வருமென்று நாலு மாசம் பார்த்தாள். அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு நைனா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பிரிவதற்குக் கிருஷ்ணகிரி வக்கீல் அண்ணாதுரைதான் வழி சொன்னார். பிறந்தபோதே முஸ்லிமான பெண் மதத்தை விட்டால், அதனால் மட்டும் கல்யாணம் முறியாதாம். ஆனால் வேறு மதத்திலிருந்து போனவள் தன் பழைய மதத்துக்கே திரும்பினால் சட்டம் வேறாம். திரும்பிய அன்றைக்கே கல்யாணம் முறிந்ததென்று வாதாடலாமாம். கோர்ட்டில் உறுதி வாங்குவதும், கெஜட்டில் பெயர் மாற்றுவதும் அதற்கப்புறம். கூடப் போயிருந்த திம்மப்பன் இதைக் கேட்டதிலிருந்து ஊரில் பாதி வக்கீலாகவே ஆகிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் மதம் திரும்பும் சடங்கு என்று நாள் குறித்தாயிற்று. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

"சட்டப்படி நீ இன்னும் அந்த வூட்டு மருமவ," என்றார் திம்மப்பன் இப்போது. "நம்ம முறைய வுட்டுப் போனவங்க கை அரிசி எந்தம்பிக்குச் சேராது. கலங்காத. அதுக்கும் வழி வெச்சிருக்கேன். மணி ஒம்பது. பொணம் எடுக்க பன்னெண்டு ஆவும். வெள்ளிக்கிழம செய்யறத இன்னைக்கே செஞ்சுருவோம். மஞ்சத்தண்ணி ஊத்தி, தீர்த்தம் குடுத்து, பேரச் சொல்லி மூணு தரம் கூப்பிட வேண்டியது. ஒரு மணி நேரம். வந்து தாராளமா போடு."

ரேவதி கையில் இருந்த அரிசியைப் பார்த்தாள். நைனா வாயில் ஒரு பிடி அரிசி. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்காக எங்கே கூப்பிட்டாலும் போயிருப்பாள். எழுந்தும்விட்டாள்.

அப்போதுதான் ஷோயப் வந்தான்.

பைக்கை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, கையில் ஒரு துணிப்பையுடன் வந்தான். கண் சிவந்திருந்தது. மண்டியில் மாமனாரும் மருமகனும் தினமும் பார்த்துக்கொண்டவர்கள். பெண் வீட்டை விட்டு வந்த பிறகும் கோவிந்தப்பன் அவனுக்குத்தான் தக்காளி போட்டார். பைக்குள், செத்தவர் மேல் போர்த்தும் கோடி வேட்டி இருந்தது. மருமகன் கோடி போடவேண்டும் என்று யாரிடமோ விசாரித்திருக்கிறான். விசாரித்தவன் முழுசாக விசாரிக்கக் கூடாதா! அவன் வீட்டு வழக்கப்படி அதில் அத்தரைத் தெளித்துவிட்டான். பந்தல் முழுக்க அந்த வாசம் பரவியது. ரேவதிக்கு ஒரு நொடி, ராயக்கோட்டை வீட்டில் ஈத் அன்று காலையில் பாயிலிருந்து எழுந்திருப்பதுபோல் இருந்தது.

"மாமாவுக்கு..." என்று ஆரம்பித்தவன் பையை முன்னால் நீட்டினான்.

"அங்கயே நில்லுப்பா," என்றார் திம்மப்பன். "இன்னும் ஒரு மணி நேரத்துல நீ மருமவனும் இல்ல, ஒண்ணும் இல்ல. கோடிய என்னத்துக்குப் போடற?"

வெள்ளிக்கிழமைச் சடங்கைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த ஷோயப் ரேவதியைப் பார்த்தான். "இன்னைக்கேவா?" என்று மட்டும் கேட்டான்.

அந்தக் கேள்வியில்தான் அவளுக்குத் தண்ணீருக்கு மேலே தலை வந்தது. வெள்ளிக்கிழமை என்று சொன்னபோதெல்லாம் அது யாருடைய வெள்ளிக்கிழமையோ போல இருந்தது. இன்றைக்கு என்றதும் அது அவளுடையதாகிவிட்டது. இவன்மேல் கோபம் தீரவில்லை. ஆனால் இவன் இல்லாமல் போகவேண்டும் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஐயோ, நைனாவின் அரிசிக்கு இது விலையா?

திம்மப்பன் பூசாரி ஆஞ்சப்பனைக் கூப்பிட்டார். தீட்டு ஒட்டாமல் இருக்கப் புளியமரத்தடியிலேயே ஒதுங்கி நின்றிருந்த பூசாரி அங்கிருந்தே பதில் சொன்னார்.

"எப்படிங்க முடியும்? எழவு வுழுந்த வூட்டுப் பொண்ணு. பதினோராம் நாள் காரியம் முடியாம கோயில் படி ஏறக்கூடாதே."

"யோவ், அவ இன்னும் நம்ம வூட்டுப் பொண்ணே ஆவலையே! அவளுக்கு எங்கய்யா தீட்டு?"

பூசாரி யோசித்தார். துண்டை எடுத்து உதறினார், மறுபடி தோளில் போட்டார். அந்த மனுஷன் நாற்பது வருஷமாக அம்மனுக்குப் பூசை செய்கிறவர். இப்படி ஒரு சிக்கலில் மாட்டியதில்லை.

"தீட்டு இல்லைன்னா கோயிலுக்குக் கூட்டிக்கினு வாங்க, இப்பவே செய்யறேன். தீட்டு இருக்குதுன்னா அவ ஏற்கெனவே இந்த வூட்டுப் பொண்ணு. அப்புறம் சடங்கு என்னத்துக்கு, அரிசியப் போட்டுட்டுப் போவட்டும். ரெண்டுல ஒண்ணுதாங்க. அத நான் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது." அவளைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "நீயே சொல்லும்மா. ஒனக்குத் தீட்டு உண்டா, இல்லையா?"

தப்பட்டை நின்றிருந்தது. மாரம்மாளும் அழுகையை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள்.

"செத்தது எங்க நைனா," என்றாள் ரேவதி. குரல் அவளுக்கே புதுசாக இருந்தது. "எனக்கு இல்லாத தீட்டு வேற யாருக்கு?"

சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை. திம்மப்பனுக்கும் கண் கலங்கிவிட்டது. ஏதோ முணுமுணுத்தபடி அவள் தோளைப் பிடித்து பெஞ்சருகே கூட்டிப்போனவர் அவரேதான். மூன்று தரம் அரிசி போட்டாள். நைனாவின் உதடு சில்லென்று இருந்தது.

"அப்ப அந்தப் பையன் கோடி?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"பொண்ணு போட்டாச்சில்ல," என்றாள் மாரம்மாள். எட்டு வருஷமாக மருமகனோடு பேசாதவள். "போடச் சொல்லுங்க. கமகமன்னு வாசனையாத்தான் போவட்டுமே."

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது மணி இரண்டாகிவிட்டது. ஒவ்வொருவராகக் கிணற்றில் தலை முழுகி, வீட்டில் ஏற்றிவைத்த விளக்கைப் பார்த்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். வக்கீல் அண்ணாதுரை போன் செய்தார். சேதி கேட்டு வருத்தம் சொன்னார். கொஞ்சம் விட்டு, "வெள்ளிக்கிழமை முடியாதில்லம்மா?" என்றார்.

"தீட்டு சார். பதினோரு நாளு."

"சரிம்மா. அது முடிஞ்சதும் என்னிக்கு வெச்சுக்கலாம்?"

வாசலில் ஷோயப் நின்றிருந்தான். விளக்கைப் பார்த்தாயிற்று, போவதா இருப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஈரச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் காலடியில் மண்ணை நனைத்தது.

"ஹலோ? ரேவதி, லைன்ல இருக்கியாம்மா?"

அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, கொடியில் காய்ந்த துண்டை உருவி அவனிடம் நீட்டினாள்.